பாட்டுக்குப் பிறகு இட்லி

"ஒரு பாட்டு, மதர். ஒரே ஒரு பாட்டு. பாடினா வாய் வெந்தா போயிடும்?"

மெற்றில்டா டீச்சர் காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே தலைமையாசிரியை மதர் கொன்சாத்தா. மெற்றில்டாவுக்குப் படிப்பு சொல்லிக்கொடுத்தவர். அதனால் நாற்பது தாண்டியும் அவர் முன்னால் நின்றுதான் கத்தினாள்.

பள்ளியில் காலைச் சாப்பாடு போடுவது பழைய மாணவிகள் சங்கம். சங்கத்தில் யார் வீட்டில் பிறந்தநாளோ, அன்றைய இட்லி அந்த வீட்டுச் செலவு. பிள்ளைகள் வெறும் தட்டோடு வரிசையில் நின்று ஹேப்பி பர்த்டே பாட வேண்டும். அதைப் போனில் வீடியோ பிடித்து அந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். இட்லியும் சாம்பாரும் அதற்குப் பிறகுதான். சங்கச் செயலாளர் மெற்றில்டா செய்த ஏற்பாடு.

திங்கட்கிழமை, சங்கத்து டாக்டரம்மா ஒருவரின் பேரனுக்குப் பிறந்தநாள். பத்தாம் வகுப்பு ரெனிஷா பாடவில்லை.

"பாடாத வாய்க்கு இட்லி எதுக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள் மெற்றில்டா.

"வேண்டாம் டீச்சர்" என்று தட்டை வைத்துவிட்டுப் போனவள்தான். வியாழன் ஆகியும் பள்ளிப் பக்கம் வரவில்லை.

"சாப்பாடு போட ஆரம்பிச்ச பிறகுதான் அவ பிரேயர்ல மயங்கி விழறது நின்னுச்சு" என்றார் மதர். "கணக்குல பெயிலாகிட்டிருந்தவ, அரையாண்டில முதல் மார்க்."

"அதைத்தான் நானும் சொல்றேன் மதர். அந்த நன்றி வேண்டாமா?"

மதர் காபி கொண்டுவரச் சொன்னார். வந்தது. மெற்றில்டா டம்ளரை எடுத்தாள்.

"வை."

வைத்தாள்.

"என் தம்பி வாங்கித் தந்த தூள். அவனுக்குப் பிறந்தநாள். பாடு."

மெற்றில்டா சிரித்தாள். மதர் சிரிக்கவில்லை.

"இன்னைக்கா மதர்?"

"என்னைக்கோ. கையைத் தட்டிப் பாடு."

பக்கத்து அறை டீச்சர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, விஷயம் தெரியாமல், போனை வேறு தூக்கினாள். மெற்றில்டாவுக்குக் காது வரை சிவந்தது. காபியில் ஆடை படிந்தது.

"எனக்குக் காபி வேண்டாம் மதர்."

"அவளும் அதைத்தான் சொன்னா."

பள்ளி விட்டதும் மெற்றில்டா, ரெனிஷா வீடு இருக்கும் கடற்கரைக் குடியிருப்புக்குப் போனாள். தெருமுனையில் இறால் கம்பெனி வேன் நின்றது. ஏறுகிற பெண்களின் வரிசையில் ரெனிஷா. கையில் கம்பெனி கொடுத்த தொப்பி.

"என்னடி இது? நைட் ஷிப்டா?"

"ஆமா டீச்சர்."

"படிப்பு?"

ரெனிஷா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அங்க சாப்பாடாவது ஒழுங்காப் போடுறாங்களா?"

"போடுறாங்க. சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க டீச்சர்."

அந்தக் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் மெற்றில்டா சண்டையாவது போட்டிருப்பாள். டிரைவர் ஹாரன் அடித்தார். ரெனிஷா ஏறி, உள்ளே இரண்டு பெண்களுக்கு நடுவில் இடம் தேடி உட்கார்ந்தாள்.

மெற்றில்டா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பரீட்சை மட்டுமாவது எழுதிட்டுப் போம்மா."

ரெனிஷா தலைமுடியைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வா. ரெனிஷா, நாளைக்கு ஒருநாள் வந்து பாரு."

வேன் கிளம்பியது.