இடது பெட்டியில் பைபாஸ்

மதுரையில் ஒரு வீட்டுக் கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் நின்றிருந்தன. இடது பெட்டிக்குள், பின்பலகையில் திருகியிருந்த ஒரு சின்ன சர்க்யூட் அட்டையில், பழைய கெப்பாசிட்டர் ஒன்று வேலை பார்த்தது. கட்டைவிரல் தடிமன், சாம்பல் நிறம். மேலே அச்சடித்திருந்த எழுத்து பாதி அழிந்துவிட்டது.

பெட்டிக்குள் வருகிற பாட்டு அந்த அட்டையில்தான் இரண்டாகப் பிரியும். மிருதங்கம் மாதிரி கனமான பங்கு, செம்புக் கம்பிச் சுருள் வழியாகக் கீழே இருக்கும் பெரிய வாய்க்குப் போகும். மெல்லிய பங்கு கெப்பாசிட்டர் வழியாக மேலே இருக்கும் சின்ன வாய்க்குப் போகும். சுருளும் கெப்பாசிட்டரும் பக்கத்துப் பக்கத்து மேசைக்காரர்கள் மாதிரி. பேச்சு குறைவு, சண்டையும் கிடையாது. பாட்டு வரும், பிரித்து அனுப்புவார்கள், பாட்டு முடியும். அவ்வளவுதான் வாழ்க்கை.

வீட்டுக்காரர் குருபரன் போனில் ஒரு குழுவில் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் எல்லாம் மாறியது.

ஸ்பீக்கரைத் திறந்து மேம்படுத்துகிறவர்களின் குழு அது. அங்கே ஒருவர் எழுதியிருந்தார்: பழைய கெப்பாசிட்டரைத் தூக்கிப்போட வேண்டாம், ஆனால் அது மந்தம். அதன் இரண்டு கால்களிலும் சேர்த்து, தோளோடு தோளாக, உயர்ந்த ரகத்தில் சின்னதாக ஒன்றை வைத்தால் நுணுக்கமான ஒலியெல்லாம் அதன் வழியாகப் பாய்ந்துவிடும். இதற்குப் பெயர் பைபாஸ்.

தனக்கு மந்தம் என்று பெயர் வந்தது பழையதுக்குத் தெரியாது. காலில் சூடு விழுந்தபோதுதான் தெரிந்தது.

முதலில் மஞ்சள் நிறத்தில் ஒன்று வந்தது. குருபரன் அதை ஈயம் உருக்கி ஒட்டினார், பெட்டியை மூடினார், சோபாவில் உட்கார்ந்து ஒரு பாட்டைப் போட்டார். வீணை தொடங்கும், பாடுகிற அம்மாள் முதல் சொல்லுக்கு முன்னால் மூச்சு இழுப்பாள். அந்த மூச்சுவரைக்கும்தான். பாட்டை நிறுத்திவிட்டு நெற்றியைச் சுருக்கினார். மூச்சு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் கேட்க வேண்டுமாம். அடுத்த வாரமே மஞ்சளின் காலைக் கத்தரித்து, காலி அல்வா டப்பாவில் போட்டார். அப்புறம் தடித்த ஒன்று வந்தது. அதற்கு அப்புறம் எண்ணெயில் ஊறிய ஒன்று. அது யாரோடும் பேசாது. இரண்டும் டப்பாவுக்குப் போயின.

ஒவ்வொன்றையும் வைக்கும்போது ஒரு சூடு, எடுக்கும்போது ஒரு சூடு. இரண்டும் பழையதின் காலில்தான். அந்த ரகக் கெப்பாசிட்டருக்கு உள்ளே ஈரம் உண்டு. அந்த ஈரத்தில்தான் அதன் உயிர். சூடு பட்டுப் பட்டு ஈரம் காய்ந்துகொண்டே வந்தது. வலது கால் அடியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசலும் விழுந்திருந்தது.

"இன்னொரு சூடு தாங்குவியா?" என்று சுருள் ஒருநாள் கேட்டது.

"தெரியல" என்றது பழையது. அது அலுப்பாகத்தான் பேசும். "எனக்கு அந்த மணி ஒண்ணுதான் குறை."

சுருளுக்குப் புரிந்தது. அந்தப் பாட்டின் கடைசியில், வீணை அடங்கி, மிருதங்கம் அடங்கி, குரலும் அடங்கிய பிறகு, ஒரே ஒரு சலங்கை மணி ஒலிக்கும். அதில் கனமே கிடையாது, சுருளுக்கு அதில் பங்கும் இல்லை. மொத்தமும் கெப்பாசிட்டர் வழியாகத்தான் போக வேண்டும். முன்பெல்லாம் பாட்டு முழுக்க ஓடும், மணியும் வரும். நாளெல்லாம் மூட்டை தூக்கியவன் கையில் கடைசியாக ஒரு பூவைக் கொடுத்து, இதையும் உள்ளே வைத்துவிடு என்று சொல்வது மாதிரி இருக்கும். பைபாஸ் தொடங்கிய பிறகு எந்தப் பாட்டும் அந்த மூச்சைத் தாண்டவில்லை.

"இன்னும் ஒரு தடவை அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டா போதும். அப்புறம் கால் போனா போகட்டும்" என்றது பழையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்காவது பைபாஸ் வந்தது. வெள்ளை உடம்பு, வெள்ளிக் கால். அதன் ஜோடியைக் காலையிலேயே வலது பெட்டியில் ஒட்டியாயிற்று. இடது பெட்டி திறந்திருந்தது; வெள்ளையை ஒட்டும் முன்பாக அட்டைமேல் படுக்க வைத்திருந்தார் குருபரன். அங்கே படுத்தபடியே அது தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தது. தான் எந்த நாட்டில் சுற்றப்பட்டது, எத்தனை அடுக்கு, எவ்வளவு மெல்லிய தகடு என்றெல்லாம் சொன்னது.

"நான் வந்துவிட்டால் பாட்டுக்கும் கேட்பவருக்கும் நடுவில் இருக்கிற திரை விலகிவிடும்" என்றது.

"இதுக்கு முன்னால வந்த மூணு பேரும் திரையைத்தான் விலக்கினாங்க தம்பி. இனி இந்த வீட்டில விலக்க ஜன்னல்தான் பாக்கி" என்றது சுருள்.

வெள்ளை, அந்த மூன்று பேரும் இப்போது எங்கே என்று கேட்டது. சுருள் அல்வா டப்பாவைப் பற்றிச் சொன்னது. வெள்ளை தன் வெள்ளிக் கால்களைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டது.

அதே நேரம் அடுப்படியில் குருபரனின் மனைவி வடிவு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தாள். அண்ணன் தவமணி ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறார். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று அவர் வழக்கம்போல விசாரித்தார்.

"அவருக்கென்ன, பைபாஸ்தான். இதோட நாலாவது" என்றாள் வடிவு. குக்கர் விசில் அடித்தது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

தவமணி திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். போன் அரிசி டப்பாமேல் இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவர் போட்டிருந்த சட்டையோடு பஸ் ஏறினார்.

சாப்பிட்டு முடித்து, மத்தியானம் குருபரன் வேலையைத் தொடங்கினார். பற்றவைக்கும் கம்பி சூடேறியது. வெள்ளையின் ஒரு கால் பழையதின் இடது காலோடு ஒழுங்காகச் சேர்ந்தது, ஈயம் பளபளவென்று ஓடி உறைந்தது. பிறகு வலது கால். சூடு பட்டதும் பழையது கண்ணை மூடிக்கொண்டது. விரிசல் விட்ட இடம் அசைவது அதற்குத் தெரிந்தது. இன்னும் ஒரு நொடி அழுத்தினால் போதும், போய்விடும்.

அந்த நொடியில் வாசலில், "வடிவூ..." என்று ஒரு குரல், அழுகையோடு.

குருபரன் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். ஈயம் அரைகுறையாக உருகிய நிலையில் மங்கலாக உறைந்து நின்றது. அவர் கம்பியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார்.

தவமணி ஒரு கையில் சாத்துக்குடிப் பையோடும் இன்னொரு கையில் செருப்போடும் நின்றார். செருப்பு வாசல்படியில் அறுந்துவிட்டது. எதிரே மாப்பிள்ளை லுங்கியும் பனியனுமாக, கையில் இடுக்கியோடு வந்தார். தவமணி மாப்பிள்ளையின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார், முதலில் பனியனுக்கு மேலே, பிறகு உள்ளே.

விஷயம் புரிய நேரமாயிற்று. வடிவு சிரித்துச் சிரித்து, கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நெஞ்சுக்கு என்று தான் சொல்லவே இல்லையே என்றாள்.

"நாலாவதுன்னு சொன்னியேம்மா" என்றார் தவமணி. "நாலு தடவை பிளந்தா ஒரு மனுசன் என்னத்துக்கு ஆவான்?"

"அதைத்தான் நாங்களும் கேட்கிறோம்" என்றது பெட்டிக்குள் சுருள்.

தவமணி கூடத்துக்கு வந்து, பின்பக்கம் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். "மாப்ள, உங்க நெஞ்சைப் பிளந்துட்டாங்களேன்னு பஸ் பூரா சாமி கும்பிட்டுட்டு வந்தேன். நீங்க பெட்டியைப் பிளந்து வச்சிருக்கீங்க."

குருபரனுக்கு வெட்கமாகிவிட்டது. இவ்வளவு தூரம் பதறி வந்த மனிதருக்கு ஏதாவது காட்டியாக வேண்டும். அட்டையைத் திரும்பப் பார்க்காமலே பலகையை மூடித் திருகினார். "உட்காருங்க மச்சான், வந்ததுக்கு ஒரு பாட்டாவது கேளுங்க" என்றார்.

உள்ளே இருட்டானது. வெள்ளை மெதுவாக வாயைத் திறந்தது.

"அண்ணே, ஒரு கால் எனக்கு ஒட்டல."

"தெரியும்" என்றது பழையது. "பாரம் முழுக்க என்மேலதானே வருது."

வீணை தொடங்கியது. சுருள் கனத்தை வாங்கிக்கொண்டது, பழையது மெல்லியதை வாங்கிக்கொண்டது. வெள்ளைக்கு எதுவும் வரவில்லை. ஒரு கால் பிடிப்போடும் இன்னொரு கால் மங்கிய ஈயத்தின்மேல் சும்மாவும் நின்றது. கல்யாண வீட்டில் வேலையில்லாமல் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவனைப் போல.

மூச்சு வந்தது.

எல்லாரும் காத்திருந்தார்கள். இந்த இடத்தில்தான் பாட்டு நிற்கும். வெளியே குருபரன் நிறுத்தக் கையை நீட்டினார். எதிரே தவமணி கண்ணை மூடி, அறுந்த செருப்பை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். விருந்தாளி கேட்கும்போது எப்படி நிறுத்துவது? நீட்டிய கை சாத்துக்குடியை எடுத்தது. பாட்டு முதல் சொல்லைத் தாண்டியது.

"கேட்டீங்களா மச்சான், எப்படி மூச்சு விடுது பாருங்க" என்றார் குருபரன். அவர் குரலே மாறியிருந்தது. "இப்பத்தான் சரியாச்சு. இந்தப் புதுசு பண்ற வேலை இது. குறிப்பா இடது பக்கம்."

வெள்ளைக்கு உடம்பெல்லாம் கூசியது. வலது பெட்டியில் ஒழுங்காக ஒட்டப்பட்டிருந்த அதன் ஜோடிக்குக்கூட அந்தப் பேர் கிடைக்கவில்லை.

"என்னால தாங்க முடியல. நான் ஆடிக் காட்டப் போறேன். ஒரு கர்ர் சத்தம் வந்தா அவர் திறந்து பார்ப்பார். ஒழுங்கா ஒட்டுவார். நானும் என் வேலையைப் பார்ப்பேன்" என்றது.

பழையது பாட்டைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. பல நாளாய் நடக்காத தூரம். பாதை மறந்து போயிருந்தது, ஒவ்வொரு அடியாக நினைவு வந்துகொண்டிருந்தது.

"ஒட்டுவார்" என்றது கடைசியில். "என் காலில்தான் ஒட்டுவார். இது போயிடும். அப்புறம் நீயும் நானும் சேர்ந்தே டப்பாவுக்குப் போகலாம். உன் இஷ்டம் தம்பி. எனக்குச் சொல்லத் தெம்பு இல்ல."

சரணத்துக்கு முன்னால் மிருதங்கம் இறங்கியது. பெரிய வாய் முன்னும் பின்னும் மோதியது, பலகை அதிர்ந்தது, அட்டை அதிர்ந்தது. மங்கிய ஈயத்தின்மேல் வெள்ளிக் கால் துள்ளப் பார்த்தது. ஆடிக் காட்ட வேண்டும் என்று நினைக்கவே வேண்டாம், சும்மா விட்டாலே போதும், தானாக ஆடிவிடும்.

வெள்ளை, ஒட்டின காலை ஊன்றி, முழு உடம்பையும் அட்டையோடு அழுத்திக்கொண்டது. மிருதங்கம் போனது, மறுபடி வந்தது. அது அப்படியே கிடந்தது. எத்தனையோ அடுக்காகச் சுற்றப்பட்டு, கடல் தாண்டி வந்து, அன்றைக்கு அது செய்த ஒரே வேலை அதுதான்.

வீணை அடங்கியது. மிருதங்கம் அடங்கியது. குரலும் அடங்கியது. சுருளின் பங்கு முடிந்துவிட்டது. அது மூச்சுக்கூட விடாமல் பழையதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மணி வந்தது.

பழையது அதைக் கையில் வாங்கியது. அதிகம் காய்ந்துபோன உடம்பின் வழியாக, விரிசல் விட்ட காலின் வழியாக, சிந்தாமல் கொண்டுபோய் மேலே சின்ன வாயில் வைத்தது. கூடத்தில் அது ஒலித்து, கரைந்தது.



"கடைசியில ஒரு மணி அடிச்சதே, அது எப்பவும் இதுல உண்டா?" என்றார் தவமணி.

"இதுக்கு முன்னாடி கேட்காது மச்சான்" என்றார் குருபரன். "இந்த பைபாஸ் போட்ட பிறகுதான் கேட்குது."

வடிவு சாத்துக்குடித் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "முன்னாடி நீங்க அதுவரைக்கும் ஓட விட்டாத்தானே" என்றாள்.

அது அவர் காதில் விழவில்லை. போனில் குழுவுக்கு எழுதத் தொடங்கிவிட்டார். எழுதி முடித்ததும் பற்றவைக்கும் கம்பியை வயரோடு சுருட்டி, அல்வா டப்பாவோடு சேர்த்துப் பரண்மேல் வைத்தார்.

அந்த வீட்டுக்கு இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். குருபரன் அவர்களை உட்கார வைத்துப் பாட்டை முழுக்கப் போடுகிறார். மணி ஒலித்ததும் வெள்ளையின் பெயர், அது பிறந்த நாடு, அதன் அடுக்குகள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் உள்ளே வெள்ளை இன்னும் கொஞ்சம் அட்டையோடு ஒடுங்கிக்கொள்கிறது. சுருள் இப்போது அதைக் கேலி செய்வதில்லை.

வேலை மட்டும் பழைய காலிலேயே நடக்கிறது.