வெயிலில் வைத்த வைட்டமின்

"மேடம், இந்தக் கோபால்ட் என்கிட்டப் பேசவே மாட்டேங்குது. நான் ஊருக்குக் கிளம்பிடட்டுமா?"

கேட்டவர் ஞானதிரவியம். ஐம்பத்து மூன்று வயது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் மருந்தியல் பாடம் நடத்துகிறவர். ஓராண்டு விடுப்பு எடுத்து, இந்த ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்திருந்தார். விடுப்பில் இருபது நாள்தான் பாக்கி.

அவருக்கு வழிகாட்டியான பேராசிரியர் ஜைனப் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"திரையில என்ன வருது சார்?"

"கோடு. வெறும் நேர்க்கோடு. இதோட நாற்பத்தோராவது தடவை."

அவர் ஆராய்ந்தது ஒருவகை பி12 வைட்டமின். அதன் நடுவில் ஒரே ஒரு கோபால்ட் அணு. கருவியிலுள்ள காந்தத்துக்கு நடுவே வைத்து நுண்ணலை செலுத்தினால் கோபால்ட்டின் எலக்ட்ரான் பதில் சொல்லும், திரையில் மேடும் பள்ளமுமாக அலை எழும் என்று நம்பி வந்திருந்தார்.

"மருந்தை எப்படி வெச்சிருக்கீங்க?"

ஞானதிரவியத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"கைக்குழந்தை மாதிரி மேடம். வெளிச்சம் பட்டா கெட்டுடும். இருட்டறையிலதான் கரைக்கிறேன். காத்தை எடுத்துட்டு, நைட்ரஜன் நிரப்பி அடைக்கிறேன். சுத்திக் கறுப்புத்தாள். இந்தக் குழாய் ஒண்ணுதான் மிச்சம்."

ஜைனப் குழாயை வாங்கினார். கறுப்புத்தாளைக் கிழித்தார். ஜன்னலைத் திறந்து, உச்சிவெயிலில் வைத்தார்.

"மேடம்!"

"டீ குடிக்கலாம் வாங்க."

ஞானதிரவியம் டீயைத் தொடவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். செக்கச்சிவந்திருந்த கரைசல் மெல்ல மெல்லப் பழுப்பேறியது.

"போச்சு," என்றார்.

"போனதைப் பார்க்கலாமே."

ஜைனப் குழாயைத் திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி உறையவைத்தார். கருவிக்குள் இறக்கினார்.

திரையில் கோடு கிளம்பியது. கொஞ்ச தூரம் நேராகப் போனது. சட்டென்று ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறி, சின்னச் சின்னப் பற்களாகப் பிரிந்தது.

ஞானதிரவியம் எழுந்து நின்றுவிட்டார். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"இது... கோபால்ட்டா?"

"கோபால்ட்தான்."

"இவ்வளவு நாள் எங்க இருந்துச்சு?"

"அங்கேயேதான். பக்கத்துல இருக்கிற கார்பனோட பிணைஞ்சு. அந்தப் பிணைப்புல ரெண்டு எலக்ட்ரான். ஜோடியா இருக்கிறவங்க இந்தக் கருவிக்கு பதில் சொல்ல மாட்டாங்க சார். வெயில் பிணைப்பை உடைச்சிடுச்சு. கார்பன் ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. கோபால்ட்கிட்ட ஒண்ணு தனியா நிக்குது."

ஞானதிரவியம் திரையிலிருந்த பற்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"அப்ப கருவியில கோளாறு இல்ல."

"இல்ல."

"நான் கரைச்சதிலயும் தப்பில்ல."

ஜைனப் ஆறிப்போன டீயை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஞானதிரவியம் பையைத் திறந்து ஆய்வுக் குறிப்பேட்டை எடுத்தார். முதல் பக்கத்தைப் புரட்டினார். முதல் தேதிக்கு எதிரே 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தது. அதை அடித்தார். பக்கத்தில், 'பிணைப்பு உடையவில்லை' என்று எழுதினார்.

அடுத்த தேதிக்குப் போனார். அதற்கடுத்ததற்கும்.

"ஊருக்குக் கிளம்பணும்னீங்களே, ரயிலுக்கு நேரமாகலையா சார்?"

"இருங்க மேடம்," என்றார், தலை நிமிராமல். "இன்னும் முப்பத்தெட்டு இருக்கு."