மடியில் வந்த திருமஞ்சனம்

விதி ஒன்றே ஒன்றுதான், குடத்தை வழியில் எங்கேயும் கீழே வைக்கக் கூடாது! அடிவாரச் சுனையில் மொண்ட நீர், மொண்டபடியே மலைமேல் முருகனிடம் சேர வேண்டும். நடுவில் மண்ணிலோ படியிலோ குடம் பட்டுவிட்டால் அந்த நீர் திருமஞ்சனத்துக்கு ஆகாது. இளந்தாரிகளுக்கு இது வெறும் வழக்கம். நாற்பது நாள் மார்ச்சளிக் காய்ச்சலில் கிடந்து எழுந்த அறுபத்தெட்டு வயதுச் சென்னியப்பருக்கோ, நினைத்தாலே குலை நடுங்கியது.

சுனையிலிருந்து கோயில்வரை நூற்றுப் பன்னிரண்டு படிகள். முப்பது ஆண்டுகளாக விடிந்ததும் ஒரு குடம் சுமந்து ஏறி, பூசை முடிந்தபின் கோயில் பாத்திரங்களைச் சாம்பலிட்டுத் துலக்கிவிட்டு இறங்குவார். ஊரில் அதைப் பெரிய வேலை என்று யாரும் சொன்னதில்லை. இப்போது காய்ச்சல் விட்டிருந்தது, மூச்சு திரும்பவில்லை. வேட்டி கட்டி முடிப்பதற்குள் நெஞ்சு கொல்லன் துருத்தியாக ஏறி இறங்கியது. அவர் பயந்தார். ஒளிக்காமல் சொல்கிறேன், மிகவும் பயந்தார். படியில் விழுந்துவிடுவோம், நீர் சிந்திவிடும், அப்பன் முழுக்கில்லாமல் நிற்பான் என்று பயந்தார். அடியவனுக்குப் பயம் வரலாமா என்று அதற்கும் சேர்த்துப் பயந்தார்.

நாடி பிடித்துப் பார்த்த வைத்தியர் சொன்னார்: “மாடு நொரை தள்ளின பொறவு அவுத்து உடறவன் வண்டிக்காரனில்லீங்க. அதுக்கு முன்னாலயே நெழல்ல நிறுத்தோணும். நீங்களும் அப்படித்தான். எளைக்கறதுக்கு முன்னாலயே உக்காந்துக்கோணும்.”

அவர் மனைவி பாவாயி அம்மையார் அந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டார். பலகையில் உட்கார வைத்தே கணவரைக் குளிப்பாட்டினார். வேட்டியும் திருநீறும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன. குளித்த களைப்பு ஆறும்வரை வாசல் தாண்ட விடவில்லை. பெரிய செப்புக் குடத்தை உள்ளே வைத்துவிட்டு, அதில் பாதிகூட இல்லாத பித்தளைக் குடத்தைக் கொடுத்தார்.

“ஏனுங், மலையேறயில வாயத் தொறக்காதீங்க. முருகனக் கூப்புடறதானாலும் மனசுக்குள்ளயே கூப்புடுங்க. அவனுக்குக் காது நல்லாத்தான் கேக்கும்.”

“உட்டா அவனையும் பலகை போட்டு உக்கார வெச்சுருவயாட்டிருக்குது” என்று சிரித்த சென்னியப்பருக்கு அந்தச் சிரிப்பிலேயே மூச்சு வாங்கியது.

ஆனால் குடத்தைக் கீழே வைக்காமல் எப்படி இளைப்பாறுவது? அவர் ஒரு வழி கண்டார். பதினைந்து படிக்கு ஒருமுறை, மூச்சு முட்டுமுன்பே உட்கார்ந்தார். குடத்தை மடியில் ஏந்தி இரு கைகளாலும் அணைத்துக்கொண்டார். சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து மூச்சை மெல்ல விட்டார். பிறகு எழுந்தார். அன்று முருகனுக்கு முழுக்கு நடந்தது.

மூன்றாம் நாள், படியோரம் பூக்கடை வைத்திருந்த காளியண்ணன் பார்த்துவிட்டான்.

“என்னங் சென்னியண்ணா! சாமிக்குத் தண்ணி கொண்டு போறீங்களா, புள்ளைக்குத் தொட்டிலாட்டறீங்களா?”

மனைவி சொல்லை மீறாமல் வாய்மூடிப் புன்னகை செய்தார் சென்னியப்பர். காளியண்ணனுக்கு அது திமிராகப் பட்டது. நேரே பூசாரி நஞ்சுண்டரிடம் போய், “இடுப்புக்குக் கீழ வெச்ச தண்ணியத்தான் சாமிக்கு ஊத்தறோமுங்க” என்று மூட்டிவிட்டான். பூசாரி பதறிப்போனார். மாலையில் சென்னியப்பரை அழைத்து, “மடியில வெச்சது ஆகாதுங்க. நாளைக்குத் தோள்லயே வரட்டும். முடியலீன்னா சொல்லிப்போடுங்க, வேற ஆளு பாத்துக்கலாம்” என்றார்.

மறுநாள் சென்னியப்பர் உட்காரவில்லை. முப்பதாம் படியில் வாய் உலர்ந்தது. ஐம்பதில் காதுக்குள் சண்டமாருதம்போல் இரைந்தது. அறுபதில் ஒவ்வொரு படியும் இரண்டாகத் தெரிந்தது. கைப்பிடி இல்லாத படிகள் அவை. பக்கத்தில் வெறும் பாறைச் சரிவு.

‘முருகா, இன்னைக்கு நான் உழுந்துட்டா நாளைக்கு உனக்கு ஆரு?’

உட்கார்ந்துவிட்டார். குடம் மடிக்கு வந்தது. கண்ணீர் அதன் கழுத்தில் வழிந்தது. அதைக் கண்ட காளியண்ணன் சுனைக்கு ஓடி, தானே ஒரு குடம் மொண்டு, அவரைக் கடந்து மேலே ஏறினான்.

சென்னியப்பர் கோயிலை அடைந்தபோது காளியண்ணனின் குடம் பூசாரி கையில் இருந்தது.

“அங்கயே நில்லுங்க. மடியில வெச்சீங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். குடத்தை அணைத்தபடியே, “வெச்சனுங் சாமி. பயந்துட்டனுங். ஒரு சொட்டுக்கூடச் சிந்தலீங்” என்றார்.

பூசாரி தலையைத் திருப்பிக்கொண்டு கையிலிருந்த குடத்தை முருகன் முடிமேல் தூக்கினார். தோளுக்குமேல் கை எழவில்லை. மறுபடி முயன்றார். எழவில்லை. அப்போது கருவறைக்குள்ளிருந்து குரல் வந்தது. மூவருமே கேட்டார்கள்.

“அம்மா மடியில வளந்தவன்டா நானு. மடி எப்படா எனக்கு ஆகாமப் போச்சு? அவன் உக்காந்து உக்காந்தே வரட்டும். நான் எங்க ஓடிப் போறேன்?”

நஞ்சுண்டர் வெளியே ஓடிவந்து, சென்னியப்பரின் மடியை இரு கைகளாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காளியண்ணன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அந்தச் சிறு குடத்து நீர்தான் அன்று முருகனை நனைத்தது.

அதன்பின் பதினோரு ஆண்டுகள் சென்னியப்பர் நீர் சுமந்தார், ஒவ்வொரு நாளும் ஏழு இடங்களில் உட்கார்ந்து. பயம் முழுதாகப் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன், பயத்தோடேயே ஏறினார். மூச்சை அளந்து செலவிட்டு ஆண்டவனுக்கு நீர் சேர்த்த அந்த எளியவரின் பாதம் வாழ்க! எனக்கென்னவோ, அவர் ஏறிய படிகளைவிட உட்கார்ந்த அந்த ஏழு படிகள்தாம் பெரிய தொண்டு என்று தோன்றுகிறது. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது, சொல்லுங்களேன்?