அரும்பாயி பிரித்துப் பிரித்துத் தைத்த போர்வை

ஆறுகளுக்கும் மலைகளுக்கும் மனிதர்கள் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. அப்போது கொன்றைநாட்டை வாகைமாறன் என்றோர் அரசன் ஆண்டு வந்தான். நல்லவனா கெட்டவனா என்று என்னைக் கேட்காதீர்கள். கதை முடிந்ததும் நீங்களே சொல்லுங்கள்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவனுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. அரண்மனையில் சங்கு ஊதினார்கள், முரசு அறைந்தார்கள், வந்தவர் போனவருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தார்கள். பிள்ளை பாலைக் குடித்துவிட்டுத் தன் பாட்டுக்குத் தூங்கியது.

பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் கிடத்தக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழந்துணிதான் அதற்கு ஏற்றது. கொன்றைநாட்டில் இந்த வழக்கத்தை இன்னும் கொஞ்சம் வளர்த்து வைத்திருந்தார்கள். அரண்மனையில் பிள்ளை பிறந்தால், தலைநகரில் தெருவுக்கு ஒரு பழந்துணி கேட்டு வாங்குவார்கள். அரண்மனைப் பட்டு ஒன்றையும் அவற்றோடு சேர்த்து ஒட்டுப்போர்வை தைப்பார்கள். பெயர் சூட்டும் நாளில் ஊரார் முன்னால் பிள்ளையை அதன்மேல் கிடத்துவார்கள்.

துணி கொடுத்த தெருவெல்லாம் பிள்ளைக்குச் சொந்தம். பிள்ளையும் அந்தத் தெருவுக்கெல்லாம் சொந்தம். எந்தத் தெருவின் துணி போர்வையில் இல்லையோ, அந்தத் தெரு ஊரோடு சேர்த்தி இல்லை. அந்தத் தெருக்காரர்கள் ஊர்க்குளத்தில் தண்ணீர் மொள்ள முடியாது, ஊர் மண்ணில் குடியிருக்கவும் முடியாது. அதேபோல, எந்தப் பிள்ளை அந்தப் போர்வையில் கிடக்கவில்லையோ, அதற்கு அரியணை கிடையாது. நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பாதியில் நிறுத்திக் கேட்காதீர்கள்.

போர்வை தைக்கும் வேலை அரும்பாயி என்ற தையற்காரிக்கு வந்தது. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அவள் கண்ணைப் போல ஒரு கண் அந்த ஊரில் யாருக்கும் இல்லை. அவள் எதையும் எடுத்த எடுப்பில் அழுத்தித் தைத்துவிட மாட்டாள். முடிச்சுப் போடாத ஒரே நீள நூலால் துண்டுகளை எல்லாம் லேசாகக் கோத்து, முற்றத்துக் கொடியில் தொங்க விடுவாள். பின்னால் தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பார்ப்பாள். எந்த நிறம் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வருகிறது, எந்த நிறம் ஓடி ஒளிகிறது என்று அப்போது தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் நூலை ஒரு இழுப்பு. அத்தனையும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

துணிகள் வந்தன. நெசவாளர் தெருவிலிருந்து மங்கிய சிவப்பு, பூக்காரத் தெருவிலிருந்து மஞ்சள், அவுரிச் சாயக்காரர் தெருவிலிருந்து நீலம், வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து பச்சை, கோயில் தெருவிலிருந்து வெள்ளை. கடைசியில் செங்கல் சூளைத் தெருவிலிருந்து வேலாத்தாள் என்பவளின் பழஞ்சேலைத் துண்டு வந்தது. அது என்ன நிறம் என்று வேலாத்தாளுக்கே தெரியாது. புகையில் கிடந்து கிடந்து சாம்பலும் கருப்புமாக ஆகியிருந்தது.

அரும்பாயி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். சூளைத்தெருவுக்கும் அவளுக்கும் ஆகாது. அவர்கள் மூட்டும் புகை அவள் கொடியில் காயும் வெள்ளைத் துணியில்தான் வந்து படியும். வேலாத்தாளோடு அதற்காக எத்தனையோ முறை தெருவில் நின்று சண்டை போட்டிருக்கிறாள்.

“இத்தனை நாளும் புகைதான் வந்துச்சு. இப்ப சேலையும் வந்துடுச்சா!” என்று சொல்லிக்கொண்டே அதை ஓரமாகப் போட்டாள்.

முதலில் எல்லாரும் செய்கிற மாதிரிதான் செய்தாள். அரண்மனைப் பட்டை நடுவில் வைத்தாள், பெரிய தெருக்களைச் சுற்றிலும் வைத்தாள், சூளைத்தெருத் துணியைக் கீழ் விளிம்பில் மடித்து மறைத்தாள். தொங்கவிட்டுப் பார்த்தாள். கண் நேராக நடுவில் போய் விழுந்து அங்கேயே கிடந்தது, வேறெங்கும் நகரவில்லை. நூலை இழுத்தாள்.

இரண்டாவதாகச் சிவப்பையும் மஞ்சளையும் ஒரு பக்கமும், நீலத்தையும் பச்சையையும் மறு பக்கமும் வைத்தாள். அது இரண்டு ஊர்க்காரர்கள் சண்டைக்கு வரிந்துகட்டி நிற்பது போல இருந்தது. நூலை இழுத்தாள்.

மூன்றாவதாக ஏதேதோ மாற்றினாள். பட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடம் மட்டும் எதை வைத்தாலும் உறுத்தியது. எரிச்சலில், கைக்கு அகப்பட்ட சூளைத்தெருத் துணியை எடுத்து அங்கே கோத்துத் தொங்கவிட்டாள். பின்னால் போய்க் கண்ணை இடுக்கினாள்.

பட்டின் ஆர்ப்பாட்டம் அடங்கியிருந்தது. மஞ்சள் மஞ்சளாகத் தெரிந்தது, நீலம் நீலமாகத் தெரிந்தது. எதுவும் எதையும் மிதிக்கவில்லை. இடது பக்கம் போய்ப் பார்த்தாள், வலது பக்கம் போய்ப் பார்த்தாள், குனிந்தும் பார்த்தாள். எங்கிருந்து பார்த்தாலும் சரியாகத்தான் இருந்தது.

“அட பாழாப்போன புகையே!” என்றாள் அரும்பாயி. அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

போர்வையைப் பார்க்க அமைச்சர் திருமேனியார் வந்தார். சூளைத்தெரு ஆற்றங்கரையில் இருந்தது. நல்ல மண், நல்ல காற்று. அங்கே ஓர் உல்லாசத் தோட்டம் போட வேண்டும் என்று அவருக்கு வெகுநாளாக ஆசை. அதற்கு அந்தத் தெருக்காரர்கள் போக வேண்டும். அவர்கள் போவதற்கு, அந்தத் துணி போர்வையில் இல்லாமல் போனால் போதும்.

“இளவரசர் படுக்கும் போர்வையில் கரித்துணியா? எடுத்துவிடு” என்றார்.

அரும்பாயி எடுத்துத்தான் பார்த்தாள். அந்த இடத்தில் பச்சையை வைத்தாள், ஆகவில்லை. வெள்ளையை வைத்தாள், ஆகவில்லை. பட்டிலேயே இன்னொரு துண்டை வைத்தாள், முன்னைவிட மோசமாகிவிட்டது. மறுபடி சூளைத்தெருத் துணியையே கோத்துவிட்டாள். அமைச்சரின் ஆள் ஒருதரம் வந்தான், மறுதரம் வந்தான், மூன்றாந்தரமும் வந்தான். “எடுத்தா சரியா வரல. எடுக்க மாட்டேன்னு போய்ச் சொல்லு” என்று மூன்று தரமும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினாள். மூன்றாந்தரம் வந்தவன், “கட்டைவிரல் போய்விடும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

செய்தி கேட்டு வேலாத்தாள் ஓடி வந்தாள். சண்டைக்கு வந்து நிற்கும் அதே வாசலில் நின்றாள்.

“எங்க துணியை எடுத்துடப் போறாங்களாமே அரும்பாயி? குளத்துத் தண்ணி இல்லாம, குடியிருக்க மண்ணும் இல்லாம பிள்ளைகுட்டிங்களை வெச்சுக்கிட்டு நாங்க எங்க போவோம்?”

“உனக்காக ஒண்ணும் நான் எடுக்காம இருக்கலடி” என்றாள் அரும்பாயி. “உன் சேலையை எடுத்தா மத்த நிறமெல்லாம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்குது. அதனால எடுக்க மாட்டேன். போய் வேலையைப் பாரு.”

வாய் அப்படிச் சொன்னதே தவிர, வேலாத்தாள் போன பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு துண்டுத் துணியில் ஒரு தெருவே தொங்குகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கட்டைவிரலையும் பார்த்துக்கொண்டாள். பயம் இருந்தது. இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவன் ஆவேன்.

பெயர் சூட்டும் நாள் வந்தது. தெருத்தெருவாக ஊரே அரண்மனை முற்றத்தில் கூடியது. அரும்பாயி போர்வையைக் கொண்டுவந்து விரித்தாள். எடு, வை என்ற சச்சரவில் அழுத்தித் தைக்க முடியாமலே போனதால், அது இன்னும் அந்த ஒற்றை நூலில்தான் நின்றது. பட்டுக்குப் பக்கத்தில் சூளைத்தெருத் துணி இருந்தது.

“எடு” என்றார் அமைச்சர்.

“மாட்டேன்” என்றாள்.

“கரித்துணியிலா என் பிள்ளை படுப்பான்? எடு” என்றான் அரசன்.

“மாட்டேன் ராசா” என்றாள்.

அரசன் எழுந்து வாளை உருவினான். “கடைசியாகச் சொல்கிறேன். எடு, இல்லையென்றால் கட்டைவிரலைக் கொடு.”

அரும்பாயி கட்டைவிரலை நீட்டினாள். “வெட்டிக்குங்க ராசா. வெட்டினாலும் அந்தத் துணி அங்கதான் இருக்கணும். அதை இல்லேன்னு என் கண்ணு சொல்லாது.”

பிள்ளை பெயர் சூட்டும் நாளில் ரத்தம் சிந்த வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ, அரசன் வாளை வைத்துவிட்டுத் தானே குனிந்து அந்தத் துணியைப் பிடித்தான்.

“இழுக்காதீங்க ராசா! மொத்தமும் ஒரே நூலு!” என்று கத்தினாள் அரும்பாயி.

ஒரு தையற்காரி சொல்லியா அரசன் கேட்பான்? இழுத்தான். துணியின் ஓரம் சர்ரென்று கிழிந்தது. நூல் ஓடியது. சிவப்பு தனி, மஞ்சள் தனி, நீலம் தனி என்று போர்வை அத்தனை துண்டாக முற்றத்தில் உதிர்ந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேலாத்தாள் முன்னால் வந்தாள். தன் துணியை அரசன் கையிலிருந்து வாங்கித் தூசி தட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“கேட்டீங்க, கொடுத்தோம். வேண்டாம்னுட்டீங்க, நாங்களே எடுத்துக்கிட்டுப் போறோம்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அப்புறம் பூக்காரத் தெருக் கிழவர் ஒருவர் வந்தார். “இன்னிக்கு இவங்க தெரு, நாளைக்கு எங்க தெருவா?” என்று மஞ்சளை எடுத்துக்கொண்டார். நெசவாளர்கள் சிவப்பை எடுத்தார்கள். சாயக்காரர்கள் நீலத்தை எடுத்தார்கள். பச்சையும் போயிற்று, வெள்ளையும் போயிற்று. முற்றத்தில் அரண்மனைப் பட்டு மட்டும் மினுமினுவென்று கிடந்தது. அதன்மேல் பிள்ளையைக் கிடத்தினார்கள். ஜரிகை முதுகில் குத்திப் பிள்ளை வீரிட்டு அழுதது.

“துணிகளைப் பிடுங்கிக்கொண்டு வாருங்கள்!” என்றான் அரசன்.

காவலர்கள் அசையவில்லை. அவர்களும் அந்தத் தெருக்களில் பிறந்தவர்கள்தானே! காவலர் தலைவன் மட்டும் மெதுவாகச் சொன்னான்: “அரசே, பிடுங்கின துணியில் கிடத்தினால் பிள்ளைக்கு ஊர் சொந்தமாகுமா?”

பிள்ளைக்கு அரியணை இல்லாமல் போய்விடும் என்று அப்போதுதான் அரசனுக்குப் புரிந்தது. செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினான். நெசவாளர் தெருவுக்குப் போனான். “சூளைத்தெருவில வாங்கிட்டு வாங்க ராசா, அப்புறம் தர்றோம்” என்றார்கள். பூக்காரத் தெருவுக்குப் போனான். “சூளைத்தெருவில வாங்கிட்டு வாங்க” என்றார்கள். சாயக்காரர் தெருவுக்குப் போனான். அவர்கள் ஆற்றங்கரைப் பக்கம் கையைக் காட்டினார்கள்.

வேலாத்தாள் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். அரசன் வந்து நின்றதைப் பார்த்தும், கையிலிருந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“என்ன வேணும் ராசா?”

“துணி” என்றான் அரசன். “நான் கிழித்த துணி.”

“இந்த மண்ணும் அந்தக் குளமும் எங்களுக்கும்தான்னு எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்க.”

சொன்னான். சத்தம் போதவில்லை என்றாள். உரக்கச் சொன்னான். உள்ளே போய்த் துணியை எடுத்துவந்து கொடுத்தாள். பின்னாலேயே வந்திருந்த மற்றத் தெருக்காரர்களும் தெருவுக்கொன்றாகக் கொடுத்தார்கள். அமைச்சர் தம் தோட்டத்தை மனதுக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

அத்தனையும் அரும்பாயி முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. அவள் கோத்தாள். கொடியில் தொங்கவிட்டாள். பின்னால் போய்க் கண்ணை இடுக்கினாள். அரசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அரும்பாயி நூலை இழுத்தாள். பொலபொலவென்று உதிர்ந்தது.

“இன்னும் என்ன குறை?” என்று கிட்டத்தட்ட அழுதான் அரசன்.

“நீங்க இழுத்ததில வேலாத்தா சேலை கிழிஞ்சு சின்னதாயிடுச்சு ராசா. இப்ப உங்க பட்டு பெரிசாத் தெரியுது.”

சொல்லிவிட்டு, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தரியை எடுத்து அரண்மனைப் பட்டைக் குறுக்கே வெட்டினாள். அரசன் தடுக்கவில்லை. கீழே உட்கார்ந்து, உதிர்ந்து கிடந்த துண்டுகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக அவள் கையில் எடுத்துக் கொடுத்தான். அவள் அழுத்தித் தைத்தாள். ஊரார் முன்னால் அதில் கிடத்தியதும் பிள்ளை அழுகையை நிறுத்தியது.

கேட்டவர்களே, ஒருவரை ஒதுக்கினால்தான் அழகு என்று எவன் கட்டளையிட்டாலும், “மாட்டேன்” என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.