புல் தின்ற திருடன்

அரிசி ஆலை முதலாளி தாண்டவராயருக்குத் தம் நிழல் மேலும் சந்தேகம். பங்களாப் புல்தரையில் அங்கங்கே சொட்டை விழுந்ததும் தோட்டக்காரி செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

"உன் ஆடு நன்றாகக் கொழுத்திருக்கிறதாமே. என் புல்லைத் தின்றா?"

"அது வேலியோரக் கிளுவைத் தழை தின்கிற ஆடு, முதலாளி."

"அப்படியானால் புல்லைத் தின்ற திருடனைச் சாயங்காலத்துக்குள் என் முன்னால் நிறுத்து. இல்லாவிட்டால் உனக்கு இங்கே வேலை இல்லை."

செங்கமலம் ஒரு வாளித் தண்ணீரில் சோப்புத்தூளைக் கரைத்தாள். முதலாளி வாளிக்குள் எட்டிப் பார்த்தார். அவள் இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லியும் பார்த்தார். பிறகே ஊற்ற விட்டார். அவள் சொட்டையின் ஓரத்துப் பச்சைப் புல்லில் ஊற்றிவிட்டு, அவருக்கு ஒரு நாற்காலி போட்டாள். சற்று நேரத்தில் புல்லடியிலிருந்து புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்தன.

"இதில் என் ஆடு இருந்தால் காட்டுங்கள், முதலாளி."

தாண்டவராயர் விடவில்லை. "இவற்றை உள்ளே வரவழைத்தது யார்? அந்த ஆளைச் சொல்."

"இவை அந்துப்பூச்சி இட்ட முட்டையிலிருந்து வந்த புழுக்கள். அந்துப்பூச்சி வெளிச்சத்தைத் தேடி வரும். நான் ஆட்டுக்குப் புல் அறுப்பதைக் கையும் களவுமாகப் பிடிக்க, இங்கே விடிய விடிய விளக்கை எரியவிடுகிறவர் யாரோ, அவரைத்தான் கேட்க வேண்டும்."

முதலாளி நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அன்று இரவு பங்களாத் தோட்டம் இருட்டாக இருந்தது. மறுநாள் செங்கமலம் வழக்கம்போல வேலைக்கு வந்தாள்.