காரணம் எழுதும் கட்டம்

தென்காசிப் பக்கம் ஒரு நூலகத்தின் மாடியில் எட்டுப் பழைய கணினிகள் இருந்தன. எட்டையும் இயக்குவது லினக்ஸ் என்ற இலவச மென்பொருள்தான். அந்த அறையை நடத்தியவர் நசீமா டீச்சர், வயது முப்பத்தொன்று. அவரிடம் பாடம் கேட்டவர் கோமதிநாயகம் அண்ணாச்சி, தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர்.

அண்ணாச்சிக்கு ஒரு வருஷமாக ஒரே கேள்வி.

"அறைச் சாவிய எப்பம் டீச்சர் என் கையில தருவீய?"

டீச்சர் நோட்டைப் புரட்டிப் பார்ப்பார். பிறகு பேச்சை மாற்றிவிடுவார்.

அந்த நோட்டு அறையின் வழக்கம். எது பழுதானாலும் சரிசெய்தவர் எழுதி வைக்க வேண்டும். முதல் கட்டத்தில் கோளாறு, அடுத்ததில் செய்த வேலை, மூன்றாவதில் காரணம். அண்ணாச்சி எழுதியவை நாற்பது வரிகள். நாற்பதிலும் வேலை ஒன்றுதான்: 'மறுபடி நிறுவினேன்.' காரணக் கட்டம் முழுக்கக் காலி.

பிரிண்டர் முரண்டு பிடித்தாலும் சரி, வைஃபை வராவிட்டாலும் சரி, கழுத்துக் கயிற்றில் தொங்கும் பென் டிரைவைச் செருகுவார். பழையதை எல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸைப் புதிதாகப் போடுவார். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதில் அவருக்குப் பெருமை பிடிபடாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஐந்தாம் நம்பர் கணினி ஊமையாகிவிட்டது. அது பேச்சியம்மாள் உட்காரும் இடம். பேச்சிக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கணினி வாசித்துச் சொல்லும், அவள் கேட்டுப் படிப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அரசு வேலைக்கான தேர்வு.

அண்ணாச்சி கழுத்திலிருந்து பென் டிரைவைக் கயிற்றோடு கழற்றினார்.

"ஆறு மாசமா அடிச்ச குறிப்பெல்லாம் இதுலதான் கெடக்கு. அது இருக்குமா அண்ணாச்சி?" என்றாள் பேச்சி.

துடைத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும் என்று அவருக்குத் தெரியும். நாற்பது முறை யோசிக்காமல் செருகியவர் அன்று பென் டிரைவைக் கையிலேயே வைத்திருந்தார்.

டீச்சர் வந்து பென் டிரைவை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அது என்ன சொல்லுதுன்னு கேட்டீயளா?"

"அது பேசலங்கதுதான டீச்சர் கோளாறே."

"வாயால சொல்லலன்னா எழுதி வச்சிருக்கும்."

அவ்வளவுதான். டீச்சர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அண்ணாச்சிக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கணினி தனக்குத்தானே எழுதி வைத்திருந்த பதிவேட்டைத் திறந்து, முகவரி அழிந்த தபாலைப் படிப்பதுபோல வரி வரியாகப் படித்தார். காபி ஆறிப்போனது. பேச்சி பக்கத்திலேயே இருந்தாள்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்பு அந்த வரி அகப்பட்டது. முந்தின நாள் மாலை ஐந்தே காலுக்குப் புது மானிட்டர் ஒன்று வந்திருக்கிறது. சத்தத்தையெல்லாம் இனி அதற்கே அனுப்புவது என்று கணினி முடிவு செய்திருக்கிறது. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லை.

கணினியின் ஒலி அமைப்புகளைத் திறந்து, சத்தம் போகும் இடத்தைப் பழைய ஸ்பீக்கருக்கு மாற்றினார். ஒரே ஒரு சொடுக்கு. பேச்சியின் குறிப்பு விட்ட இடத்திலிருந்து உரக்கக் கேட்டது. பேச்சி சிரித்தாள். அண்ணாச்சிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எந்தச் சம்பள நாளிலும் அவர் அப்படி நிமிர்ந்ததில்லை.

டீச்சர் நோட்டை நீட்டினார்.

அண்ணாச்சி கோளாறை எழுதினார். செய்த வேலையை எழுதினார். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. அந்த மானிட்டரை மாட்டியவர் அவரேதான். நோட்டை வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிப்பார்கள்.

"மானிட்டர் மாத்தம்னு மட்டும் போட்டா போதாதா டீச்சர்?"

டீச்சர் நோட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

அண்ணாச்சி பேச்சியைப் பார்த்தார். பிறகு அழுத்தம் திருத்தமாக எழுதினார்: 'கோமதிநாயகம் மானிட்டரை மாற்றினார். சத்தம் வருகிறதா என்று பார்க்கவில்லை.' எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தார். வெட்கம் வரும் என்றிருந்தார், வரவில்லை. அந்த நோட்டிலேயே நல்ல வரி அதுதான் என்று தோன்றியது.

"என் பென் டிரைவு?" என்று கை நீட்டினார்.

டீச்சர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதே கயிற்றில் அறைச் சாவியும் கட்டியிருந்தது.

"இனி ரெண்டும் உங்க கழுத்துல கெடக்கலாம் அண்ணாச்சி."