கரட்டு மேல் நின்ற கேமரா

"இதோட வேற என்னென்ன வாங்கணும் டீச்சர்?"

கேமராவை மேசைமேல் வைத்துவிட்டுப் பஞ்சவர்ணம் கேட்டாள்.

ரிஸ்வானா அதை எடுத்துப் பார்த்தாள். பெரிய மிரர்லெஸ் கேமரா. படம் எடுத்துப் பிழைக்கிறவர்கள் வைத்திருக்கிற ரகம்.

"யாரோடது?"

"மருமகனோடது. குவைத்துக்குப் போறப்ப குடுத்துட்டுப் போனாரு. கூட ஒண்ணும் குடுக்கல."

ரிஸ்வானா பத்திரிகையில் படம் எடுத்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு, மருந்துக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேமரா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வயது. பஞ்சவர்ணம் அவளைவிட இருபது வயது மூத்தவள்.

"எதைப் படம் எடுக்கப் போறீங்க?"

"அது எதுக்கு? என்ன வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க."

ரிஸ்வானா கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப கடைக்காரர்கிட்டக் கேளுங்க. அவர் திருப்பி ஒண்ணும் கேக்க மாட்டார்."

அடுத்த ஞாயிறு பஞ்சவர்ணம் ஒரு பெரிய பையோடு வந்தாள். பையின் கனத்தில் ஒரு தோள் இறங்கியிருந்தது.

ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். ஃப்ளாஷ். எல்இடி விளக்கு. இன்னொரு லென்ஸ். கலர் கலராக ஃபில்டர். பூனைக்குட்டி போல ரோமம் வைத்த மைக். தூசி ஊதுகிற ரப்பர் பந்து. கடைசியில் ஒரு கனமான ஸ்டாண்டு. மேசையில் டீ கிளாஸ் வைக்க இடமில்லை.

"கடைக்காரர் சொன்னது எல்லாம் வந்துருச்சு. இப்பச் சொல்லிக்குடுங்க."

"எல்லாத்தையும் உள்ள வைங்க. எங்க எடுக்கணுமோ அங்க கூட்டிட்டுப் போங்க."

பஞ்சவர்ணம் எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பையை மூடினாள்.

பஸ் பிடித்துக் கரட்டூரில் இறங்கினார்கள். ஊருக்குப் பின்னால் ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. பாதிக் கரடு இருந்தது. மீதிப் பாதி இருந்த இடத்தில் கல் குவாரியின் பள்ளம்.

ஆடு மேய்க்கிற தடத்தில் ஏறினார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது பஞ்சவர்ணத்துக்கு மூச்சு வாங்கியது. பையை இறக்கிவைத்து உட்கார்ந்தாள்.

பள்ளத்திலிருந்து எச்சரிக்கைச் சங்கு ஊதியது. மூன்றாவது சங்குக்கு வெடி வெடிக்கும்.

பஞ்சவர்ணம் பதறி எழுந்தாள். ஒரு ஜிப்பைத் திறந்தாள். அது ஃபில்டர். மூடிவிட்டு இன்னொன்றைத் திறந்தாள். கேமராவில் இருந்த லென்ஸைக் கழற்றினாள். மற்ற லென்ஸைத் தேடினாள்.

மறுபடி சங்கு.

லென்ஸ் கையில் வந்தது. மூடி கழலவில்லை.

மூன்றாவது சங்கும் ஊதி ஓய்ந்தது. காலுக்குக் கீழே பாறை குதித்தது. சத்தம் பிறகுதான் வந்தது.

அவள் நிமிர்ந்தபோது பள்ளத்தின் மேல் வெள்ளைப் புழுதி மட்டும் நின்றது. அது மெதுவாக நகர்ந்து வந்து, லென்ஸ் இல்லாமல் திறந்து கிடந்த கேமராவுக்குள் இறங்கியது.

"பாத்துட்டுத்தானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பஞ்சவர்ணத்தின் குரல் உடைந்தது.

"என்னன்னு சொல்றது? எதை எடுக்க வந்தீங்கன்னே நீங்க சொல்லலையே."

பஞ்சவர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கீழே ஊரைக் காட்டினாள்.

"அந்த வேப்பமரத்தை ஒட்டி இருக்குல்ல, அதுதான் என் வீடு. சுவத்துல கை நுழையிற அளவுக்கு விரிசல். போன மாசம் பக்கத்து வீட்டுக் கொட்டகையில கல்லு விழுந்துச்சு. கன்னுக்குட்டி அந்த இடத்துலயே போச்சு."

"மனு குடுக்கலையா?"

"குடுத்தோம். குவாரிக்காரங்க எழுதிக் குடுத்திருக்காங்க. இப்ப நாம உக்காந்திருக்கோம் பாருங்க, இந்தப் பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு பொடிக் கல்லுகூட வராதாம். நான் போன்ல எடுத்துட்டுப் போய்க் காட்டுனேன். எது கல்லு, எது காக்கான்னு கேட்டுச் சிரிச்சாங்க."

"இதை மொதல்லயே ஏன் சொல்லல?"

"சொன்னா சொல்லிக்குடுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

ரிஸ்வானா பள்ளத்தைப் பார்த்தாள். அவளும் ஒரு காலத்தில் இப்படி ஒரு பள்ளத்தைப் படம் எடுக்கப் போனவள்தான். அன்றைக்கு ஒரு கூட்டம் துரத்தியது. வயல் வயலாக ஓடித் தப்பித்தாள். அதற்குப் பிறகுதான் வேலையை விட்டாள். அது பஞ்சவர்ணத்துக்கும் தெரிந்திருந்தது.

ரிஸ்வானா பையைத் தன் பக்கம் இழுத்து, பாறையில் கவிழ்த்தாள்.

விளக்கையும் ஃப்ளாஷையும் தள்ளிவைத்தாள். "வெடி வெயில்லதானே வைக்கிறாங்க?"

ஃபில்டர்களைத் தள்ளினாள். "இது வானத்தை நீலமாக் காட்டும். வானம் யாருக்கு வேணும்?"

ரப்பர் பந்தை எடுத்துக் கேமராவுக்குள் ஊதினாள். புழுதி பறந்தது. பந்தைப் பஞ்சவர்ணத்தின் மடியில் போட்டாள். பழைய லென்ஸைத் திரும்ப மாட்டினாள்.

"இதைக் கழட்டவே கழட்டாதீங்க. இது ஒண்ணு போதும்."

கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்து காட்டினாள். "கார்டு போட ரெண்டு இடம் இருக்கு. ரெண்டுலயும் போடுங்க. எடுக்கறது ரெண்டுலயும் பதியும். ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும். இன்னொரு பேட்டரி இடுப்புல இருக்கணும், பையில இல்ல."

மைக்கைக் கையில் வைத்து யோசித்தாள். "இதுவும் இருக்கட்டும். சத்தம் வேணும்."

கடைசியாக ஸ்டாண்டைக் காலால் நகர்த்தினாள்.

"இது வேணாம்."

"வேணும்," என்றாள் பஞ்சவர்ணம்.

"கை ஆட்டத்தைச் சரிபண்ற வசதி இந்தக் கேமராவுக்குள்ளயே இருக்கு."

"இருக்கட்டும்."

"அக்கா, ஆள் வந்தா ஓடணும். இதைத் தூக்கிட்டு ஓட முடியாது."

"நான் ஓட மாட்டேன்."

"வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"ஓட மாட்டேன். ஸ்டாண்டு வேணும்."

"நான் சொல்றதைக் கேக்கத்தானே வந்தீங்க?"

"மத்த எல்லாத்தையும் கேட்டாச்சுல்ல."

பஞ்சவர்ணம் எழுந்து ஸ்டாண்டைத் தோளில் சாத்திக்கொண்டாள். வேண்டாத பொருள்களை அடைத்த பையை ரிஸ்வானாதான் கரட்டிலிருந்து சுமந்து இறக்கினாள்.

பஞ்சவர்ணம் இரண்டு மாதம் பழகினாள். ஸ்டாண்டை விரிப்பதும் மடக்குவதும்தான் பாதிப் பாடம். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்கு வந்துவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள் கரடு ஏறியபோது, ரிஸ்வானா தடத்தில் காத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களை யாரு வரச் சொன்னா?"

"அந்த ஸ்டாண்டை யார் தூக்கிட்டு ஓடப் போறாங்கன்னு பாக்கணும்ல."

பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை. அதே பாறையருகே, அதன் ஊர்ப் பக்கத்தில், ஸ்டாண்டை விரித்தாள். மூன்று காலையும் பாறை இடுக்கில் ஊன்றி இறுக்கினாள். கேமராவில் பள்ளமும் தெரிந்தது, பாறையும் தெரிந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பதிய ஆரம்பித்தது.

முதல் சங்கு ஊதுவதற்கு முன்பே ஆள் வந்துவிட்டது.

குவாரி மேனேஜர் தர்மலிங்கம். தலையில் மஞ்சள் ஹெல்மெட். பின்னால் இரண்டு பேர்.

"யாரைக் கேட்டும்மா இங்க வந்த?"

"ஆடு மேய்க்கிற தடம். யாரைக் கேக்கணும்?"

"கேமராவை எறக்கு."

"மாட்டேன்."

தர்மலிங்கம் ரிஸ்வானாவைப் பார்த்தார். "நீ யாரும்மா? பத்திரிகையா?"

"இல்ல. இவங்களுக்குச் சொல்லிக்குடுக்கறேன்."

"என்னத்தை?"

ரிஸ்வானா ஸ்டாண்டைப் பார்த்தாள்.

அவர் பஞ்சவர்ணத்தின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "சரி, கார்டை மட்டும் கழட்டிக் குடு. கேமராவை நீயே வச்சுக்க. நல்ல மாதிரி சொல்றேன்."

ரிஸ்வானா காதருகே குனிந்தாள். "குடுத்துருங்கக்கா. உள்ள இன்னொண்ணு இருக்கு."

பஞ்சவர்ணம் உரக்கச் சொன்னாள்.

"உள்ள ரெண்டு இருக்கு. ரெண்டையும் குடுக்க மாட்டேன்."

ரிஸ்வானா கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் சங்கு ஊதியது.

தர்மலிங்கம் கையை இறக்கினார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"வெடிக்கப் போகுது. எறங்கிப் போங்க."

"எதுக்குப் போகணும்? இங்க கல்லு வராதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க?"

"ஏம்மா, புரியாமப் பேசாத."

"வராதுன்னா நான் நிக்கலாம். வரும்னா அதைச் சொல்லுங்க, எறங்கிடறேன்."

தர்மலிங்கம் கேமராவைப் பார்த்தார். அதன் பக்கவாட்டில் சின்னதாகச் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அவருடைய போன் அடித்தது. திரும்பி நின்று பேசினார்.

"நிறுத்தாதடா. ரெண்டு பொம்பளைங்கதான். சங்கு ஊதுனா ஓடிருவாங்க."

இரண்டாவது சங்கு.

கூட வந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் மெதுவாகப் பின்னால் நகர்ந்தான். மற்றவன் நகரவில்லை, ஓடினான்.

"நீ போ பாப்பா," என்றாள் பஞ்சவர்ணம். டீச்சர் என்று சொல்ல மறந்துவிட்டாள்.

ரிஸ்வானாவின் உடம்பு ஏற்கெனவே தடத்தின் பக்கம் திரும்பியிருந்தது. அவளுக்கு ஓடத் தெரியும். எங்கே குனிய வேண்டும், எங்கே குதிக்க வேண்டும் என்று கண் தானாகப் பார்த்தது.

பஞ்சவர்ணத்தின் கை ஸ்டாண்டின் மேல் இருந்தது.

ரிஸ்வானா திரும்பி வந்தாள். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஸ்டாண்டின் ஒரு காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது சங்கு.

தர்மலிங்கம் ஓடினார். பாறைக்குப் பின்னால் பாய்ந்து, கையையும் முட்டியையும் ஊன்றிச் சுருண்டார். ஹெல்மெட் கழன்று உருண்டது. பஞ்சவர்ணம் கேமராவை அவர் ஓடிய பக்கம் மெதுவாகத் திருப்பினாள்.

கரடு குதித்தது.

வானத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. காக்கை இல்லை. தேங்காய் அளவு கல் ஒன்று பாறையைத் தாண்டி, அவர்களுக்கும் தர்மலிங்கத்துக்கும் நடுவில் விழுந்து, உடைந்து, சில்லுச் சில்லாய்த் தெறித்தது. ஒரு சில்லு ரிஸ்வானாவின் புறங்கையைக் கீறியது. அவள் பிடியை விடவில்லை.

புழுதி அடங்கியது. தர்மலிங்கம் எழுந்தார். கல்லைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார்.

"அதை அழிச்சுரும்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"நல்லா வந்திருக்குங்க," என்றாள் பஞ்சவர்ணம்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதைப் பெரிய திரையில் போட்டார்கள்.

சங்குச் சத்தம் கேட்டது. தர்மலிங்கம் போனில் பேசியது கேட்டது. ரெண்டு பொம்பளைங்கதான், சங்கு ஊதுனா ஓடிருவாங்க. மண்டபத்தில் யாரோ "அடப் பாவி" என்றார்கள். பிறகு அவர் ஓடுவது தெரிந்தது. கல் விழுவதும் தெரிந்தது.

அதிகாரி மறுபடி போடச் சொன்னார். மறுபடி போட்டார்கள்.

"கல்லே வராத இடத்துல நீங்க எதுக்குங்க ஓடுனீங்க?"

தர்மலிங்கம் தண்ணீர் குடித்தார். அதிகாரி காத்திருந்தார். தர்மலிங்கம் இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

விசாரணை முடியும்வரை வெடி வைக்கக் கூடாது என்று உத்தரவானது. விசாரணை எப்போது முடியும் என்று யாரும் சொல்லவில்லை. பஞ்சவர்ணம் எழுந்து அதையும் கேட்டாள். தேதி சொல்லும்வரை உட்கார மாட்டேன் என்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அதிகாரி காலண்டரைப் புரட்டி ஒரு தேதி சொன்னார். அதன் பிறகுதான் உட்கார்ந்தாள்.

வெளியே வந்து இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். ரிஸ்வானாவின் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி வெயிலில் உரிந்துகொண்டிருந்தது.

"கல்லு நம்ம மேல விழுந்திருந்தா?"

"அதுவும் வீடியோவுல வந்திருக்கும்."

ரிஸ்வானா பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டிக்கொண்டாள்.

"அக்கா, நெசமாச் சொல்லுங்க. அன்னைக்கு உங்களுக்குப் பயமே இல்லையா?"

"பயமில்லாம? முட்டி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதுச்சு. கையெல்லாம் வெடவெடன்னு ஆடுச்சு. அப்படித்தான் ஆடும்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

"வீடியோவுல துளி ஆட்டம் இல்லையே."

பஞ்சவர்ணம் ஸ்டாண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பின்ன இதை எதுக்குச் சுமந்தேன்?"